எங்க பக்கம் அப்படிப்பட்ட புள்ளைங்க இல்ல

குரோம்பேட்டையில் என் மகன் அசாருக்கு ஆட்டிசம் என்பது பூக்காரம்மாவுக்குக்கூடத் தெரியும். பயிற்சி மையம் எங்கள் தெருவிலேயே இருந்தது. அவன் அலறினால் பின்னாலிருந்து இறுக்கிக் கட்டிப்பிடித்து, காதோரம் மெதுவாக ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவேன். மையத்தில் சொல்லிக்கொடுத்த முறை அது. "சென்டர் புள்ள, வழி வுடுங்க" என்று கடைக்காரர்களே கூட்டத்தை விலக்குவார்கள்.

போன மாதம் ராஜகீழ்ப்பாக்கத்துக்குக் குடிவந்தோம். "எங்க பக்கம் அப்படிப்பட்ட புள்ளைங்க இல்ல சார். அதெல்லாம் குரோம்பேட்டை பக்கம்தான்" என்றார்கள் அக்கம்பக்கத்தில், ஏதோ அங்கே குழாய்த் தண்ணீரில் கலந்து விடுகிற மாதிரி. மையத்து டாக்டரிடம் சொன்னேன். "பிள்ளைங்க எல்லா இடத்துலயும் இருக்காங்க காஜா. பார்க்க ஆள் இருக்கிற இடத்துலதான் கணக்குல வர்றாங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஜங்ஷனில் ஒரு சாவு ஊர்வலம். மேளம், அதற்கு மேல் சரவெடி. அசார் காதைப் பொத்திக்கொண்டு அலறினான். தன் மணிக்கட்டையே கடித்தான். சாலைக்குள் ஓடப் பார்த்தவனைப் பின்னாலிருந்து வளைத்துப் பிடித்து எண்ண ஆரம்பித்தேன்.

"புள்ள புடிக்கிறவன்டா!"

ஒரு வாரமாக வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்த புரளி. யார் கத்தினார்களோ, முதல் அறை கன்னத்தில் விழுந்தது.

"நான் இவனோட அத்தாய்யா, பெத்தவன்யா!"

ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து ஓடிவந்த ஒருவன் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு அசாரிடம் குனிந்தான். "இவன் யாருடா கண்ணு?"

கேட்டதைத் திருப்பிச் சொல்வதுதான் அசாரின் பேச்சு. "இவன் யாருடா கண்ணு" என்றான்.

"பாத்தியா, புள்ளைக்கே தெரில!"

அவ்வளவுதான். அசாரை என்னிடமிருந்து பிடுங்கினார்கள். செருப்பு, ஹெல்மெட், கீழே விழுந்த பிறகு உதை. உடைந்த பல் ஒன்று நாக்கில் உருண்டது. பாதிப் பேர் ஒரு கையில் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டே மறுகையால் அடித்தார்கள், உத்தமர்கள்! பிள்ளை எங்கே என்று ஒருத்தனும் பார்க்கவில்லை. அவன் சாலைக்கு ஓடிவிடுவானே என்று அவர்கள் கால்களுக்கிடையில் தேடினேன். ஆட்டோக்காரன் வீல் ஸ்பேனரால் முழங்கையில் அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

ஓரத்தில் கீரை விற்கும் கன்னியம்மா குறுக்கே பாய்ந்தாள். "டேய் துரைராஜு! அந்தப் புள்ள கைய உதறிக்கினு நிக்கறத பாருடா. உம்புள்ள மாதிரியே கீதுடா! வூட்ல கயித்துல கட்டி வெச்சிக்கீறியே, அதே மாதிரி!"

ஆட்டோக்காரன் துரைராஜ் அவளைத் தள்ளிவிட்டு என்னை இன்னும் பலமாக அடித்தான். அந்த அடி அவள் சொன்ன சொல்லுக்கு.

மறுபடி அவன் ஓங்கியபோது என் முதுகில் ஏதோ வந்து ஒட்டியது. இரண்டு சின்னக் கைகள் கழுத்தைச் சுற்றி இறுக்கின. ஈரமான மூக்கை என் பிடரியில் அழுத்திக்கொண்டு அசார் எண்ணினான்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

யாரும் எதுவும் சொல்லாமல் அவன் தானாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அடியைவிட அதில்தான் நான் அழுதேன்.

போன்கள் பைக்குள் போயின, கூட்டம் கரைந்தது. துரைராஜ் மட்டும் ஸ்பேனரோடு நின்றான். பிறகு என் பக்கத்தில் குந்தினான்.

"சார்... இப்படிப் புடிச்சிக்கினா கத்தறது நிக்குமா?"

துப்பினேன். ரத்தம் அவன் காக்கிச் சட்டையில் விழுந்தது. அவன் துடைக்கவில்லை. பதிலுக்குக் காத்திருந்தான்.

"மொதல்ல வூட்டுக்குப் போய் அந்தக் கயித்த அவுருடா" என்றேன்.