பதினோராம் பக்கத்துச் சிறுமி

…பொத்தான் வேண்டாம், பொத்தான் கண்ணை யார் வேண்டுமானாலும் ஒட்டுவார்கள், பப்பாளி விதை வைத்தாயிற்று, அதையும் வேண்டாம் என்றுவிட்டார்கள், அப்புறம் என்னதான் வைப்பது, நாலு மணிக்குள் பதினோராம் பக்கம் போய்ச் சேராவிட்டால் இந்தக் குழந்தைகள் படப் புத்தகத்தையே கம்ப்யூட்டரில் வரைகிற ஆளிடம் கொடுத்துவிடுவார்கள், பதிப்பக அம்மாள் போனில் குரலை உயர்த்தவே இல்லை. படமெல்லாம் அழகாத்தான் இருக்கு, ஆனா அந்தப் பொண்ணு யாரையுமே பாக்க மாட்டேங்குதே என்றார். பேருந்து நிறுத்தத்தில் அம்மாவுக்காகக் காத்திருக்கிற பிள்ளை, அம்மாவைப் பார்க்காமல் வேறு யாரைப் பார்ப்பாள்? மூன்று ஜோடிக் கண் மாற்றிவிட்டேன். பொம்மைக்கண் பாக்கெட்டில் விற்குதே, வாங்கித் தொலையேன் என்கிறாள் அக்கா. வாங்கியதை ஒட்டமாட்டேன், தெருவில் கிடந்ததும் பிறர் கழித்துப் போட்டதும்தான் என் படத்துக்குள் வரும், ஒன்பது வருடமாக இந்தப் பிடிவாதத்தில்தான் பிழைப்பு ஓடுகிறது, ஒரு கண்ணுக்காக அதை விட முடியுமா… விடமாட்டேன்.

மணி ஒன்றரை, வெயில் மண்டையைப் பிளக்கிறது, இருக்கட்டும், நடக்கிறேன். இந்தத் தெரு எனக்குத் தலைகீழ்ப் பாடம், தையல்காரர் வாசலில் நூற்கண்டு அட்டை, பள்ளிச் சுவரோரம் பென்சில் சீவல், அதில்தான் நாலாம் பக்கத்துக் கவுனைச் செய்தேன், சைக்கிள் கடை முன்னால் எண்ணெய் குடித்த வாஷர்… எடுத்துப் பார்த்தால் முறைக்கிறது, காத்திருக்கிற பிள்ளை முறைக்காதா, முறைக்கும், ஆனால் இவ்வளவு முறைக்காது. சாவி செய்கிறவர் கடைக்குப் போய்ப் பார்ப்போம், தப்பாக வெட்டிய சாவிகளையெல்லாம் எனக்கென்று ஒரு டப்பாவில் போட்டு வைப்பார், நல்ல மனிதர், அவர் செருப்பு வாரில் போட்டிருக்கும் நீலத் தையல்வரை எனக்குத் தெரியும். டப்பாவைக் கிளறிக்கொண்டே, கண்ணுக்கு ஏதாவது தேறுமா என்று கேட்டேன். எனக்கே ஒண்ணு தேவைப்படுதே என்று சிரித்தார். நிமிர்ந்தேன். அவருடைய இடது கண்ணில் வெள்ளைக் கட்டு. ஐயோ, எப்போது ஆனது என்று பதறினேன்.

“ஆபரேஷன் முடிஞ்சு பத்து நாளாச்சும்மா. நேத்து வந்தீங்க, முந்தாநேத்தும் வந்தீங்க. கேப்பீங்கன்னு பாத்தேன்.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை, சொல்லிவிட்டு அரத்தை எடுத்துக்கொண்டார்… என்னென்னவோ உளறிவிட்டு வந்துவிட்டேன், எதையும் எடுக்கவில்லை, வழியில் காலில் பட்ட நீலக் கண்ணாடித் துண்டைக்கூட எடுக்கவில்லை. நேற்றும் நன்றி சொன்னேனே, யாரிடம் சொன்னேன், செருப்பிடமா? வெட்கமாக இருந்தது, வீடு வரும்வரை வெட்கமாகவே இருந்தது. பதினோரு பக்கங்களையும் தரையில் வரிசையாகப் பரப்பினேன். முதல் பக்கத்தில் சிறுமி தண்ணீர்க் குட்டையைப் பார்க்கிறாள், மூன்றில் பூனையை, ஆறில் தன் செருப்பை. போன வருடத்துப் புத்தகத்தை எடுத்தேன், அதற்கு முந்தையதையும், தபால்காரர் குனிந்திருக்கிறார், ராஜா குனிந்திருக்கிறார், அடப்பாவி, சிங்கம்கூடக் குனிந்துதான் இருக்கிறது, ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லோரும் என்னைப்போலத் தரையைத் துழாவிக்கொண்டிருக்கிறார்கள். கண்ணில் குறையே இல்லை, கழுத்தில்தான்.

பதினோராம் பக்கத்துச் சிறுமிக்குக் கழுத்து ஒரு தீக்குச்சி. ஒட்டினதைப் பிய்த்தேன், காகிதம் கிழிந்தது, கிழியட்டும், சோடா மூடித் தலையை மேலே பார்க்கத் திருப்பி வைத்தேன், அதே பப்பாளி விதைகள்தான், இப்போது பார்க்கிறாள். ஆனால் எதைப் பார்க்கிறாள்? பேருந்து ஜன்னலில் அம்மாவுக்கு நான் வைத்திருப்பது வெறும் வட்ட அட்டை, தூரத்தில்தானே என்று முகமே வைக்காமல் விட்டிருக்கிறேன். நாற்பது பெட்டி இருக்கிறது, மூடி, கொக்கி, வாஷர், விதை, எது எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன், ஒரு முகத்தில் என்னென்ன இருக்கும் என்றுதான் தெரியவில்லை. அக்காவைக் கூப்பிட்டேன். என்னடி என்று வந்து நின்றாள். கொஞ்சம் அப்படியே நில்லுக்கா என்றேன். வாயோரத்தில் இரண்டு கோடு, புருவத்தில் நரைத்த நாலு முடி, மோவாயில் ஏதோ பழைய தழும்பு… எப்போது விழுந்தாள், எனக்கு ஏன் தெரியாது, ஒரே வீட்டில்தானே இருக்கிறோம்?

“எவ்வளவு நேரம்டி நிக்கணும்?” என்றாள்.

நாலு மணிக்கு இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது. அவளைப் பார்த்து முடிக்க அது போதுமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.