நாலாவது பெயர்ப்பலகை

எங்கள் கடைக்கு இதுவரை நாலு பெயர் வைத்தாயிற்று. அதில் மூன்றை வைத்தவன் ஸ்ரீதரன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் சாய்கிறவன் அவன். அவனுக்குச் சோறாக்கிப் போட்டவள் நான், வெள்ளையம்மா. அதனால் திட்டுவதற்கு எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

கேகாலைக்குச் சற்று முன்னால், கண்டி ரோடு வளைகிற இடத்தில், றப்பர் தோட்டத்தின் எல்லையை ஒட்டி இருக்கிறது கடை. 1992இல் அதைப் போட்டது என் புருஷன் பழனியாண்டி. தகரக் கூரை, உட்கார இரண்டு வாங்கு, சுவரில் ஒரு முருகன் படம். 'ஸ்ரீ முருகா ஹோட்டல்' என்று பலகை. காலையில் றப்பர் மரங்களில் பால்வெட்டிவிட்டு வந்து அவர் தேத்தண்ணி ஊற்றுவார், நான் வடை சுடுவேன்.

லைசன்ஸ் எடுக்கப் போனால் அடையாள அட்டை கேட்டார்கள். எங்களுக்கு ஏது அட்டை? இந்தியாவுக்குப் போகிறோம் என்று ஒரு காலத்தில் மனுப் போட்டுவிட்டுப் போகாமல் நின்றுபோன குடும்பம் நாங்கள். அந்த நாடும் எங்களை எடுக்கவில்லை, இந்த நாடும் சேர்க்கவில்லை. அப்பா வழியில் பிரஜையான என் நாத்தனார் மகன் ஸ்ரீதரனிடம் அட்டை இருந்தது. அவனிடம் இருந்த உருப்படியான பொருள் அது ஒன்றுதான். இருபத்திரண்டு வயதுப் பயல் முன்னால் என் புருஷன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"பேருக்குத்தானே மாமா. கடை ஒங்களுதுதான்" என்றான் அவன்.

தோட்டத்தில் பாதிப் பேர் அப்போது இப்படித்தான் எதையாவது அட்டை உள்ளவன் பெயரில் எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். நாங்களும் அந்த மடையர்களில் இரண்டு பேர்.

யுத்தம் முற்றியதும் அவனுக்குப் பயம் வந்தது. பயம் எல்லோருக்கும்தான் வந்தது. அவனுக்கு அதோடு ஒரு யோசனையும் வந்தது. தொண்ணூற்றாறில் தமிழ்ப் பலகை இறங்கியது. சிங்களத்தில் 'சிரி ஹோட்டல்' ஏறியது. முருகன் அரிசி மூட்டை அறைக்குப் போனார். ஸ்ரீதரன் சிரி முதலாளி ஆனான். நான் குஸ்ஸி அம்மா ஆனேன். சிங்களத்தில் அது சமையற்காரி. அன்றிலிருந்து ஆட்கள் முன்னால் அவன் என்னை அத்தை என்று கூப்பிட்டதில்லை. கொஞ்சம் பொறு என்றார் என் புருஷன். பொறுத்துப் பொறுத்தே 2001இல் போய்ச் சேர்ந்தார்.

யுத்தநிறுத்தம் வந்த சமாதானக் காலத்தில் மூன்றாவது பலகை வந்தது, 'சிரீஸ் ரெஸ்ட்'. தரைக்கு மாபிள் போட்டான், வேன் நிறுத்த இடம் கட்டினான். பின்னால் டிரைவர்மாருக்கென்று கதவு போட்ட தனி அறை. இந்த ரோட்டுக் கடைகளின் வழக்கம் அது. டிரைவருக்கும் கண்டக்டருக்கும் சாப்பாடு சும்மா. கோழியில் நல்ல துண்டு, பன்றிக் கறி, கடைசியில் ஒரு சிகரெட். அவர்கள் வயிறு குளிர்ந்தால் பஸ் நிற்கும். பஸ் நின்றால் ஐம்பது பேர் இறங்கி நேற்றைய ரோல்ஸைத் தின்பார்கள்.

2003இல் சட்டம் மாறி நாங்களும் இந்த நாட்டுப் பிரஜைகள் ஆனோம். என் அட்டை வந்த அன்றே அதைக் கொண்டுபோய் அவனிடம் காட்டினேன். லைசன்ஸை என் பெயருக்கு மாற்றித் தா என்றேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். சீசன் முடியட்டும் என்றான். ஐந்து வருடமாக அந்தச் சீசன் முடியவில்லை. நான் மட்டும் என்ன? போர்க்கொடியா தூக்கினேன்? வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு இந்தியாக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். சீதையை வைத்திருந்த இடம் பார்க்க நுவரெலியாவுக்குப் போகிற வேன்கள். சைவச் சாப்பாடு கேட்டார்கள். ஒரே வாரத்தில் நாலாவது பலகை ஏறியது: 'ஸ்ரீ சைவ பவன், சுத்த சைவம்'. முருகனைத் தூசி தட்டி முன்னால் மாட்டி, சுற்றிக் கலர் பல்பு போட்டான். நெற்றியில் மூன்று பட்டை விபூதி. பன்னிரண்டு வருடம் அந்த நெற்றி காலியாகத்தான் இருந்தது.

ஆனால் டிரைவர்மாருக்குச் சைவம் எடுபடுமா? பின்னறையில் பன்றிக் கறி தொடர்ந்தது. தனி அடுப்பு, தனிச் சட்டி வேண்டும் என்று கேட்டேன். கழுவினால் போதும் என்றான். கோயிலுக்குப் போகிற சனங்களுக்கு அதே சட்டியில் சாம்பார் வைத்தேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

2009 ஆடியில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு வேன் வந்தது. பதினாறு பேர். கூடவே அந்தப் பயணக் கம்பனியின் ஆள். அவருக்குப் பிடித்தால் இனி அவர்கள் வேன் எல்லாம் இங்கேதான் நிற்கும். காலையிலேயே ஸ்ரீதரன் குசினிக்கு வந்து, இது மட்டும் சரிவந்தால் மறுநாளே லைசன்ஸில் என் பெயர் ஏறும் என்று முருகன்மேல் சத்தியம் பண்ணினான். இந்த முறை செய்வான் என்றே எனக்குத் தோன்றியது. அதைத்தான் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

இலையில் கை வைக்குமுன் ஒரு வயதான அம்மா, சமைத்தவரைப் பார்க்க வேண்டும் என்றார். ஆடி முழுக்க விரதமாம். என்னை முன்னால் கூப்பிட்டார்கள். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. நம்பிச் சாப்பிடலாமா?"

ஸ்ரீதரனைப் பார்த்தேன். கையைப் பிசைந்துகொண்டு நின்றான். என் புருஷன் அன்றைக்கு அவன் முன்னால் நின்ற அதே நிலை. இந்தக் கேவலத்துக்கு என் பெயரும் வேண்டுமா என்று இருந்தது.

"சாப்பிடாதீங்கம்மா. நேத்து இந்தச் சாம்பார்ச் சட்டியிலதான் பன்னிக்கறி ஆக்குனேன்."

இலைகளை மூடிவிட்டு எழுந்தார்கள். அந்த அம்மா மட்டும் என்னைக் கும்பிட்டார். அவர்கள் வேனில் ஏறுவதற்குள் ஸ்ரீதரன் ஓடிவந்து, எல்லோர் காதிலும் விழ, அழுகிற குரலில் கேட்டான்.

"என்னா அத்தை இப்புடிப் பண்ணிட்டீங்க? இது ஒங்க கடைதானே?"

பதினேழு வருடம் காத்திருந்த சொல். உள்ளே போய்ச் சட்டியைத் தூக்கிவந்து அவன் கையில் கொடுத்தேன். முருகன் படத்தைக் கழற்றி, கலர் பல்பை அவனுக்கே விட்டுவிட்டு, தோட்டத்து லயத்தில் இருந்த என் வீட்டுக்கு நடந்தேன்.