ஆள்கூட்டும் அமைச்சர்

இரவெல்லாம் பெய்து ஓய்ந்த மழையின் ஈரம் இன்னும் உலராத கல்பாவிய வீதிகளில் பால்வண்டிகளும் பள்ளிப் பிள்ளைகளும் ஒருவரையொருவர் முந்திச் செல்ல, கடைகளின் இரும்புக் கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாய்ச் சுருண்டெழும் ஓசை நகரெங்கும் பரவ, அந்நகரின் நடுவே வெண்கல் தூண்கள் தாங்கிய பேரவை மாளிகை, விருந்தினர்க்கென வாயிலைத் திறந்துவைத்துவிட்டு உள்ளே அடுப்பூதிக்கொண்டிருக்கும் இல்லத்தரசியைப் போல, புறத்தே அமைதியும் அகத்தே பரபரப்புமாய் விளங்கிற்று.

அம்மாளிகையில், மாடிப்படிக்கு அடியில், தலை குனிந்தாலன்றி நுழைய இயலாத சிற்றறை ஒன்றுண்டு. பேரவை அலுவல்களைக் கவனிக்கும் துணையமைச்சரின் அறை அது. அப்பதவியின் வரலாறு வாசிக்கும் அன்பர்க்குச் சற்றே நகைப்பூட்டலாம். முற்காலத்தில் உறுப்பினர்கள் வேட்டைக்கும் விருந்துக்கும் போய்விட, அவைக்கு ஆள் சேராமற்போக, அவர்களைத் தேடிப்பிடித்து அழைத்துவர ஏவப்பட்ட ஒரு பணியாளனே இவ்வமைச்சருக்கு முன்னோன் என்று மூத்த எழுத்தர்கள் சொல்வதுண்டு. காலம் செல்லச் செல்ல அப்பணியாளனுக்கு நாற்காலி வந்தது, நாற்காலிக்கு அறை வந்தது, அறைக்குப் பெயர்ப்பலகையும் வந்தது. வேலை மட்டும் அதேதான். எந்தச் சட்டத்தை எந்நாளில் எடுப்பதென்று எதிரணியோடு பேசி முடிப்பதும், வாக்கெடுப்பு மணி ஒலிக்கையில் தம் பக்கத்து ஆட்களை மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் திரட்டுவதுமாய், பிறர் பெற்ற பிள்ளைகளைக் குளிப்பாட்டி உடுத்தி ஊர்வலம் அனுப்பும் செவிலியைப் போல, பிறர் சட்டங்களுக்கே உழைத்து நரைத்தவர் நம் துணையமைச்சர். "ஆள்கூட்டி வர்றாருடோய், கழிப்பறையில இருக்கிறவங்க அங்கேயே பதுங்கிக்கோங்க!" என்று உறுப்பினர்கள் அவரைக் கேலி செய்வார்கள். அவரும் சிரித்துக்கொண்டே கழிப்பறைக் கதவைத் தட்டுவார்.

ஆனால் அன்று அவைக்கு வந்தது அவருடைய சொந்தச் சட்டம். கடைகளில் நாள் முழுதும் நின்று பணிபுரிவோர்க்கு அமர்ந்துகொள்ள ஓர் இருக்கை தரப்பட வேண்டும் என்பதே அதன் சாரம். அவருடைய மனைவி தம் இளமை முழுவதையும் துணிக்கடை மேசையின் பின்னே நின்றே கழித்தவர். அவர் கெண்டைக்காலில் நரம்புகள் பழமரத்து வேர்போல் புடைத்துச் சுருண்டிருந்தன. நாள்தோறும் காலையில் கட்டிலருகே மண்டியிட்டு அக்கால்களுக்குத் துணிப்பட்டை சுற்றுவது கணவரின் வேலை. அன்று அவர் பட்டையைச் சற்று இறுக்கிச் சுற்றினார். "இறுக்காதீங்க, சட்டம் பாஸ் ஆகுறதுக்குள்ள என் காலு போயிடும்" என்று மனைவி சொல்ல, இருவரும் சிரித்தனர்.

இதற்கு முந்தின நாள் நிகழ்ந்தது ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். எதிரணியில் இதே வேலையைச் செய்யும் அம்மையார், யாவரும் அக்கா என்றே அழைக்கும் முதியவர், படியடி அறைக்குள் குனிந்து வந்தார்.

"தம்பி, நாளைக்குக் காலையில எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சுல கத்தி வைக்கிறாங்க. நான் பக்கத்துல இருக்கணும். ஆனா நாளைக்குப் பார்த்து உங்க நாற்காலிச் சட்டம். அதை எதிர்த்து நான் ஓட்டுப் போடணுமே."

"நீங்க போங்கக்கா. உங்களுக்கு ஈடா எங்க ஆளு ஒருத்தர் வெளிய இருப்பாரு. உப்பளத் தொகுதிக்காரரு இருக்காரே, அந்த உப்பளத்தாரை நிறுத்திடுறேன்."

ஓரணியில் ஒருவர் வர இயலாதபோது மற்றை அணியிலும் ஒருவர் விலகி நிற்பது அவ்வவையின் நெடுங்கால வழக்கம். தற்செயலாய் வர இயலாது போனவர் ஈடாகமாட்டார்; வரக்கூடியவர் தாமே விலகி நிற்பதே ஈடு. அதற்கு எழுத்துமில்லை, சான்றுமில்லை. இரண்டு ஆள்கூட்டிகளின் வாய்ச்சொல்லே பத்திரமும் முத்திரையும்.

நண்பகலுக்குச் சற்றுமுன் வாக்கெடுப்பு மணி முழங்கிற்று. மணி ஓய்ந்ததும் கதவடைபடும். அடைத்தபின் உள்ளிருப்போர் வெளியேறவும் வெளியிருப்போர் நுழையவும் இயலாது. வாயிற்படியில் நின்று தம்மவரை எண்ணிக்கொண்டிருந்த துணையமைச்சருக்கு இரு செய்திகள் ஒருங்கே எட்டின. ஆற்றுக்கு அப்பாலிருந்து வரவேண்டிய தம் உறுப்பினர் ஒருவர், பாலம் வெள்ளத்தில் மூழ்கியதால் வரவில்லை. வெளியே இருக்கவேண்டிய உப்பளத்தாரோ, நூலகத்தில் கண்ணயர்ந்திருந்தவர், மணியோசை கேட்டதும் பல்லாண்டுப் பழக்கத்தால் எழுந்தோடிவந்து, முன்வரிசை நடுவில் வெற்றிப் பெருமிதத்தோடு அமர்ந்திருந்தார். வராதவர் விட்ட குறையை வரக்கூடாதவர் வந்து நிரப்பிவிட்டார்! உப்பளத்தார் இருந்தால் ஒரே வாக்கில் வெற்றி. ஒருவர் விலகினால் இரு பக்கமும் சமம்; சமமானால் பழைய நிலையே நீடிக்கட்டும் என்று அவைத்தலைவர் விடுவது மரபாதலின், சட்டம் வீழும்.

அவை முன்னவர், துணையமைச்சருக்கு மேலவர், வாயிலருகே வந்தார்.

"என்னய்யா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? உள்ள வா. ஒரு ஓட்டுல தப்பிச்சோம்."

"ஐயா, உப்பளத்தார் வெளிய இருக்க வேண்டியவரு. அக்காவுக்குச் சொல்லியிருக்கேன்."

"நீயா அவரைக் கூப்பிட்ட? மறந்து வந்துட்டாரு. அந்தம்மா ஆஸ்பத்திரியில கிடக்கு, யாரு வந்து கேக்கப்போறா?"

"யாரும் கேக்கமாட்டாங்கய்யா. அவங்க அங்க நிம்மதியா இருக்கிறதே நான் சொன்னதை நம்பித்தானே."

"யோவ், இது உன் சட்டம்யா!"

துணையமைச்சர் நிமிர்ந்து பார்த்தார். மேல்மாடத்தில், பார்வையாளர் வரிசையில், மனைவி முழங்காலை நீவிக்கொண்டே அவரைப் பார்த்துப் புன்னகைத்தார். உள்ளே போய் உப்பளத்தாரை அழைத்துவர இனி நேரமில்லை. தாழ்ப்பாளில் கைவைத்திருந்த காவலர் கேட்டார்: "உள்ளயா வெளியயாங்க? அடைக்கணும்."

"வெளிய."

கதவு மூடிற்று. தாம் வளர்த்த சட்டம் வீழும் ஓசையைக் கதவுக்கு இப்பால் நின்று, கருவறைக்கு வெளியே கைகட்டி நிற்பவரைப் போல, அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

திறந்ததும் முதலில் வந்த உப்பளத்தார் தலையில் அடித்துக்கொண்டார். "நானா கெடுத்தேன்? மணியடிச்சா காலு தானா ஓடுதே! இப்படிப் பழக்கிவெச்சது யாரு, நீங்கதானே!" அவர் தோளைத் தட்டிக் கொடுப்பதையன்றித் துணையமைச்சர் வேறொன்றும் செய்யவில்லை.

மனைவி கைப்பிடியைப் பற்றிப் படியிறங்கி வந்தார். "ஏங்க, உங்களை உள்ள காணோமே?" நடந்ததை அவர் சொன்னார். மனைவி முழங்காலைப் பிடித்தபடி கடைசிப் படியில் அமர்ந்தார். பின்பு மெல்லக் கேட்டார்: "அக்கா வீட்டுக்காரருக்கு இப்ப எப்படி இருக்காம்?"

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அக்கா முகம் தெளிந்திருந்தது. "கண்ணு முழிச்சுட்டாரு தம்பி. தண்ணி கேட்டாரு, என்னைத் திட்டினாரு. பொழைச்சுக்கிட்டாருன்னு தெரிஞ்சுபோச்சு." பின்பு, "சட்டம் என்னாச்சு?" என்றார்.

"தோத்துட்டோம்க்கா."

அவரும் ஆள்கூட்டியன்றோ! கண்ணை மூடித் தலைகளை எண்ணினார். பாலம் மூழ்கிய செய்தியையும், உப்பளத்தார் உள்ளே போன கதையையும் கேட்டறிந்தார். "அப்ப எனக்கு ஈடா யாரு வெளிய நின்னது?"

"இவருதான்" என்றார் மனைவி.

அக்கா அவரை இமையாது நோக்கினார். "அடுத்த தடவையும் நான் எதிர்த்துத்தான் போடுவேன் தம்பி. அது கட்சி முடிவு."

"தெரியும்க்கா."

"ஆனா நாள் குறிக்கிறது நீங்களும் நானுந்தான். அடுத்த கூட்டத்தொடர்ல முதல் நாளே எடுத்துக்கோங்க. அந்த நாளை மாத்தச் சொல்லி எங்க ஆளுங்க குறுக்க வராம நான் பார்த்துக்கிறேன்." பின்பு மனைவியின் பக்கம் திரும்பி, "உனக்குத்தான்மா வருத்தமா இருக்கும்" என்றார்.

"எனக்கென்னக்கா? நான் நின்னது நின்னாச்சு. இப்ப நிக்கிற பொண்ணுங்கதான் பாவம். அதுவரைக்கும் நிக்கணும்."

அச்சொல்லில் சினமில்லை, அதனாலேயே அது துணையமைச்சரின் நெஞ்சில் ஆழத் தைத்தது.

அந்தி மயங்கும் வேளையில் இருவரும் கடைவீதி வழியே நடந்தனர். விளக்கேற்றிய துணிக்கடைகளுள் இளம்பெண்கள் வண்ணத் துணிகளை விரித்தும் மடித்தும், ஒரு காலின் சுமையை மறுகாலுக்கு மாற்றியும் நின்றுகொண்டிருந்தனர். அவர் தலை குனிந்தார். மனைவி அவர் கையைத் தம் கையோடு கோத்துக்கொள்ள, அவரும் அந்த வலிக்கும் கால்களின் நடைக்கு ஏற்பத் தம் நடையைத் தளர்த்தி நடந்தார். சொன்ன சொல்லைக் காத்தவர் நிம்மதியாய் உறங்குவர் என்று உலகம் எண்ணுகிறது. அச்சொல்லின் சுமையைத் தாம் அறியாத எவரோ நின்றபடி தாங்குகின்றனர் என்பதைக் கண்டவர்க்கு அவ்வுறக்கம் எளிதில் வருவதில்லை. ஆயினும் மறுமுறை கேட்டாலும் அவர் அதே கதவுக்கு வெளியேதான் நின்றிருப்பார்.