மணி சரியாகும்வரை

மூன்றாவது முறையாக அணைத்துப் போட்டபோதும் கணினி அதே பழைய தேதியைத்தான் காட்டியது. என்றோ கழிந்துபோன ஒரு ஜனவரி முதல் தேதி, நள்ளிரவு. வெளியே நவம்பர் மாதக் காலை. கிரேக்க ஊரான கவாலாவின் துறைமுகத்துப் பக்கமிருந்து வந்த காற்று ஜன்னல் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. ஃபோதிஸ் நாற்காலியை இன்னும் முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டான்.

சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா ஆர்கிரிஸ் மூச்சு விடுவது கேட்டது. ஆக்சிஜன் இயந்திரத்தின் முனகலுக்கு நடுவே, மூட்டை சுமந்து படியேறுகிறவனின் மூச்சுபோல ஒவ்வொன்றாக வந்தது. நேற்று வந்துபோன டாக்டர் வாசலில் கோட்டை மாட்டிக்கொண்டே, "இனிமே எப்ப வேணா இருக்கலாம்" என்று தணிந்த குரலில் சொல்லியிருந்தார்.

அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். தங்கை போலிக்ஸேனியைப் பார்க்க வேண்டும். அவள் மெல்போர்னில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தாள். காது கேட்காமல் போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிப்பாள். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனும் தங்கையும் இந்தக் கணினியில் முகம் பார்த்துப் பேசிக்கொள்வார்கள். தூக்கி எறியவிருந்த பெட்டியில் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு மறுபடி ஓட வைத்துக்கொடுத்தவன் ஃபோதிஸ். போன வாரம் மின்சாரம் போய் வந்ததிலிருந்து பெட்டி நாள் கிழமையை மறந்துவிட்டது. உள்ளே இருக்கும் சிறிய பேட்டரி செத்திருக்க வேண்டும். தேதி தப்பென்றால் எந்த இணையதளமும் உள்ளே விடாது. 'இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடும்.

அக்கா தோம்னா வாசலில் வந்து நின்றாள். கையில் சவரத் தூரிகை, அதில் நுரை.

"அப்பா உன்னக் கூப்பிடறார். சவரம் பண்ணிவிடணுமாம். தங்கச்சி முன்னாடி இந்தத் தாடியோட உட்கார மாட்டாராம்."

"நீயே பண்ணிவிடேன்க்கா. இத முடிச்சிட்டு வந்துடறேன்."

"உன்னத்தான் கேட்டார்."

"ஒரு நிமிஷம்."

அவள் ஒரு நிமிஷம் அங்கேயே நின்றாள். பிறகு போய்விட்டாள்.

தான் வசிக்கும் தெசலோனிகியிலிருந்து முந்தாநாள் வந்த ஃபோதிஸ் அப்பாவின் கட்டில் ஓரத்தில் ஒரே ஒரு தடவை உட்கார்ந்தான். அப்பா அவன் கையைப் பிடித்தார். நகங்கள் நீலம் பாரித்திருந்தன. அவர் கண்ணெடுக்காமல் அவனையே பார்த்தார். ஏதாவது சொல்லுவான் என்று காத்திருப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. என்ன சொல்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. "தண்ணி வேணுமாப்பா?" என்று கேட்டுவிட்டு, அவர் வேண்டாம் என்று தலையசைத்த பிறகும் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தான். அதன்பிறகு அந்த அறைக்குள் போக ஏதாவது வேலை இருந்தால் மட்டுமே போனான். இந்த அறையில் அந்தச் சங்கடம் இல்லை. தப்பு எங்கே என்று தேடலாம். கண்டுபிடித்தால் சரிசெய்துவிடலாம்.

மறுபடி அணைத்தான். பெட்டி விழிக்கும்போதே ஒரு விசையை அழுத்தி அதன் உள்ளமைப்புத் திரைக்குள் நுழைந்தான். மேசைமேல் கிடந்த தன் கைபேசியைப் பார்த்துப் பார்த்து வருடம், மாதம், நாள், மணி எல்லாவற்றையும் கையாலேயே போட்டான். இந்தத் தடவை தேதி சரியாக வந்தது. ஆனால் மணி இரண்டு மணி நேரம் முன்னால் நின்றது. ஏனென்று பார்த்த உடனேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. அவன் பெட்டிக்குள் வைத்தது கவாலாவின் நேரம். லினக்ஸ் அதை உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொண்டு, கிரேக்கத்துக்கான இரண்டு மணியை மேலே கூட்டியிருந்தது.

அம்மா எவான்தியா எட்டிப் பார்த்தாள். "அப்பா கேக்கச் சொன்னார். அந்தப் பெட்டி அவருக்கு முன்னாடி போகுமா, பின்னாடி போகுமான்னு."

"சிரிக்கறாராம்மா?"

"பாதி முகத்துல நுரை. சிரிக்கறாரா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? வாயேன், நீயே வந்து பாரு."

"தேதி வந்துடுச்சும்மா. மணிதான் தள்ளி நிக்குது."

"மணி தள்ளி நின்னா போலிக்ஸேனி தெரிய மாட்டாளா?"

தெரிவாள். தேதி சரியான அந்தக் கணமே கதவுகள் திறந்துவிட்டன, அது அவனுக்குத் தெரியும். இரண்டு மணி நேரம் முன்னே பின்னே இருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. "நடுவுல அறுந்துடும்மா. எல்லாம் சரியா இருக்கணும்" என்றான். அம்மா அதை அப்படியே நம்பித் தலையாட்டினாள். கணினி விஷயத்தில் அவன் சொன்னால் அவளுக்கு வேதம்.

கறுப்புத் திரையைத் திறந்து கட்டளைகளை அடித்தான். நேர மண்டலம் ஏதென்ஸ் என்றுதான் இருந்தது. அதில் பிழை இல்லை. இணையத்திலிருந்து தானாக நேரம் வாங்கிக்கொள்ளும் சேவை நின்றிருந்தது. ஏன் நின்றது என்று தோண்டினான். சுவருக்கு அப்பால் பிளேடு கன்னத்தில் இழுபடும் சத்தமும், கிண்ணத்து விளிம்பில் அதைத் தட்டும் சத்தமும் மாறி மாறி வந்தன. பிறகு வரவில்லை. அவன் அதைக் கவனித்தான். கவனித்துவிட்டு அடுத்த கட்டளையை அடித்தான்.

"ஃபோதி." தோம்னாவின் குரல். சத்தமாக இல்லை. "இங்க வா."

"வந்துட்டேன்."

சேவை ஓடத் தொடங்கியது. திரை மூலையில் மணி துள்ளிக் கைபேசியின் மணியோடு ஒன்றாக வந்து நின்றது. அவனுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் எழுந்தது. பின்னாளில் அவன் நினைத்துப் பார்க்கவே கூசியது அந்தச் சந்தோஷத்தைத்தான். அழைப்பைப் போட்டான். அழைப்பொலி இரண்டு தடவை ஒலிப்பதற்குள் அத்தை திரையில் வந்துவிட்டாள். தலையை வாரி, முத்து மாலை போட்டு, உதட்டில் மெல்லிய சாயம் பூசி உட்கார்ந்திருந்தாள். அங்கே இருட்டிவிட்டிருந்தது.

"டேய் ஃபோதி, எவ்வளவு நேரம்டா? எங்க அவன்?"

அப்போது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அம்மாவின் குரல் எழுந்தது. அதில் வார்த்தை இல்லை. அதுபோன்ற குரலை அவன் அம்மாவிடம் ஒருபோதும் கேட்டதில்லை.

திரையில் அத்தை சிரித்துக்கொண்டே இருந்தாள். அவளுக்குக் கேட்கவில்லை. அவன் முகத்தையே பார்த்தபடி மாலையை நேராக்கினாள்.

"கூட்டிட்டு வாடா. என்ன, இன்னும் சட்டை மாட்டிட்டிருக்கானா?"

ஃபோதிஸ் வாயைத் திறந்தான். அவள் கண்கள் அவன் உதட்டுக்கு இறங்கின.

"வர்றார் அத்த" என்றான், அவளுக்குப் புரியும்படி நிறுத்தி நிறுத்தி.

அவள் திருப்தியோடு சாய்ந்து உட்கார்ந்தாள். அவன் எழுந்திருக்கவில்லை. மூலையிலிருந்த மணியைப் பார்த்தான். ஒரு நிமிடம் நகர்ந்தது. இன்னொன்று நகர்ந்தது.

தோம்னா உள்ளே வந்தாள். சட்டைக் கையை முழங்கைவரை சுருட்டியிருந்தாள். மணிக்கட்டில் நுரை காய்ந்திருந்தது. அவனைத் தாண்டித் திரைக்கு முன்னால் குனிந்தாள்.

"அத்த. அப்பா போயிட்டார். இப்பத்தான்."

அத்தையின் சிரிப்பு உடனே மறையவில்லை. உதடுகளைத் தான் தப்பாகப் பிடித்துவிட்டோமோ என்பதுபோல ஃபோதிஸின் முகத்தைத் தேடினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"வர்றான்னு சொன்னானே" என்றாள்.

பிறகு அத்தையே கேட்டாள். "எனக்கு அவனக் காட்டுங்க."

தோம்னா கணினியையும் அதன் பின்னால் சுவருக்கு ஓடிய வயர்களையும் பார்த்தாள். பிறகு மேசைமேல் கிடந்த அவன் கைபேசியைப் பார்த்தாள்.

"இதுல வருமா?"

அவன் அதை எடுத்தான். பெருவிரலால் இரண்டு தடவை தொட்டான். அத்தையின் முகம் உள்ளங்கையில் வந்துவிட்டது, பெரிய திரையில் தெரிந்ததைவிடத் தெளிவாக.

தோம்னா அதைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். அவன் ஏதாவது சொல்ல அவள் இடம் கொடுத்ததுபோலத்தான் இருந்தது. அவள் கைபேசியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அம்மா ஜன்னலைத் திறந்து வைத்திருந்தாள். ஆக்சிஜன் இயந்திரத்தை யாரோ நிறுத்தியிருந்தார்கள். அப்பா தலையணையில் சாய்ந்தபடியே இருந்தார். ஒரு கன்னம் மழுமழுவென்று இருந்தது, மறு கன்னத்தில் நுரை உலர்ந்துகொண்டிருந்தது. தோம்னா கைபேசியை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். அத்தை அழவில்லை. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்படிப் பாதியில விடாதீங்கடா" என்றாள் கடைசியில். "எங்கம்மா பாத்தா என்ன சொல்லுவா."

தோம்னா கிண்ணத்தைத் தம்பியிடம் நீட்டினாள். தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாகவே இருந்தது. ஃபோதிஸ் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தூரிகையை நனைத்தான். அடுத்தவர் முகத்தை அவன் மழித்ததில்லை. தாடைக்குக் கீழே தோல் தளர்ந்து மடிந்திருந்தது. இரண்டு விரலால் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு பிளேடை இறக்கினான்.

"மெதுவாடா" என்றாள் அத்தை அவள் ஊரிலிருந்து. "அந்த எடத்துல அவனுக்கு மச்சம் இருக்கு."

மச்சத்தைச் சுற்றிப் போனான். அப்பாவின் முகத்தில் சூடு இன்னும் ஆறவில்லை. முடிந்ததும் துண்டால் துடைத்தான்.

மறுநாள் மதியம் அடக்கம் முடிந்து எல்லோரும் வீட்டுக்கு வந்தார்கள். தோம்னா சாவு வீட்டு வழக்கப்படி கசப்புக் காப்பியும் பிராந்தியும் ரஸ்க்கும் எடுத்து வைத்தாள். அம்மா கறுப்பு உடையில் நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வருகிறவர் ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னாள்.

"எம் புள்ள நேத்துக் காலையிலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கல. அப்பாவும் அத்தையும் பாத்துக்கணும்னு அந்தப் பெட்டியோட மல்லுக்கட்டினான். கடைசி மூச்சு வரைக்கும் அவருக்காகத்தான் ஒழச்சான்."

மாடி வீட்டு லெமோனியா மூக்கை உறிஞ்சினாள். "கொடுத்து வச்ச மனுஷன். இந்தக் காலத்துல எந்தப் பையன் செய்யறான்? எம் பையன் போன்ல கூடப் பேச மாட்டேங்கறான்." சொல்லிவிட்டு ஃபோதிஸின் கன்னத்தைத் தடவினாள். பாதிரியார் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவன் தோளில் கை வைத்தார். "பெத்தவருக்குப் பட்ட கடனத் தீத்துட்டப்பா" என்றார்.

ஃபோதிஸ் அக்காவைப் பார்த்தான். அவள் தட்டோடு நின்றிருந்தாள்.

"ஆமா ஃபாதர்" என்றாள். "ரொம்பப் பாடுபட்டான். அத்தைகிட்டயும் சொல்லியிருக்கேன்."

அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று அவனுக்குத் தோன்றியது. மூத்த மாமா அவனுக்கென்று பிராந்தி ஊற்றி நீட்டினார். வாங்கிக் குடித்தான். இன்னொருவர் அவன் கையைப் பற்றிக் குலுக்கினார். அம்மா மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். இந்தத் தடவை அவன் முந்தின இரவும் தூங்கவில்லை என்று சேர்த்துக்கொண்டாள். அது உண்மையில்லை.

காலியான கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்ச் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தான். கோப்பைகளைக் கழுவி ஓரத்தில் அடுக்கினான். பிறகு பக்கத்தில் ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தவற்றையும் எடுத்து ஒவ்வொன்றாகக் கழுவ ஆரம்பித்தான். தோம்னா துணியோடு வந்து பக்கத்தில் நின்றாள். அவன் கையிலிருந்து ஒவ்வொன்றாக வாங்கித் துடைத்து வைத்தாள். கூடத்தில் அம்மாவின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. குழாய்த் தண்ணீரிலிருந்து ஆவி பறந்தது. அவன் கைகள் மணிக்கட்டுவரை சிவந்துவிட்டிருந்தன. தோம்னா கையை நீட்டிக் குளிர்ந்த தண்ணீரையும் கொஞ்சம் திறந்துவிட்டாள்.