பதினாறு புட்டி கோசு சூப்

சைகோனிலிருந்து திரும்பியவர்கள் பட்டும் தங்கமும் கொண்டுவந்தார்கள். என் தம்பி கன்னியப்பன் ஒரு பெண்டாட்டியையும், மூன்று வயதுப் பெண்குழந்தையையும், ஒரு பெட்டி நிறைய காலிக் கண்ணாடிப் புட்டிகளையும் கொண்டுவந்தான். ஐம்பத்தாறாம் வருஷம் அது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவன். புதுச்சேரியில் சாரம் பக்கம் அப்பா விட்டுப்போன வீட்டில், புருஷனை இழந்த நான்தான் அப்போது தனியாக இருந்தேன். அந்தப் புட்டிகளைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பு எதிர்வீடு வரைக்கும் கேட்டிருக்கும்.

அவள் பெயர் லான். சைகோன் ஊர்க்காரி. ஒரு வெள்ளைக்கார அதிகாரி வீட்டுக் குசினியில் சமையல் வேலை செய்தவளாம். பதவிசான பெண்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் குறை சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. நான் வைத்த மீன் குழம்பை மூக்கைச் சுளிக்காமல் சாப்பிடுவாள். குழந்தைதான் சாப்பிடாது. எங்கள் அம்மாவின் பெயரான தனம் என்பதைத்தான் அதற்கு வைத்திருந்தார்கள். பெயர் மட்டும் எங்களுடையது, நாக்கு அவளுடையது. குழம்பு ஒரு சொட்டுப் பட்டால் போதும், கண்ணில் தண்ணீர் கொட்டும். வெறும் சோற்றில் அவள் அம்மாவின் கோசு சூப்பை ஊற்றிப் பிசைந்தால்தான் உள்ளே போகும்.

கோசு குளிர்காலத்தில்தான் பெரிய மார்க்கெட்டில் மலிவாகக் கிடைக்கும். வெயில் வந்தால் கண்ணில் படாது. அதனால் தை மாதம் முழுக்க லான் அடுப்பை விட்டு நகரமாட்டாள். கோசு, கேரட், நூல்கோல், வெங்காயம் எல்லாம் வேகவைத்து, கழுத்து வரை புட்டியில் ஊற்றி, ரப்பர் வளையம் வைத்து, மூடியைக் கம்பியால் இறுக்குவாள். புட்டிகள் ஒன்றோடொன்று மோதாமல் கிழிந்த வேட்டித் துணியைச் சுற்றி, அண்டாத் தண்ணீரில் நிற்கவைத்து மூன்று மணி நேரம் கொதிக்கவிடுவாள். மறுநாள் கம்பியைத் தளர்த்திவிட்டு மூடியை மட்டும் பிடித்துத் தூக்கிப் பார்ப்பாள். மூடி பிடித்துக்கொண்டால் கெடாது. அந்த வேகும் வாடை எனக்கு ஆகவே ஆகாது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அவள் பார்க்கிற மாதிரியே நடப்பேன்.

ஐம்பத்தெட்டு தையில் அவளுக்கு வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொல்லிவிட்டார். கத்தி வைத்தும் பிரயோசனமில்லையாம். அப்போதும் அவள் அடுப்பண்டை மணை போட்டு உட்கார்ந்து கோசு நறுக்கினாள். நடுவில் வலி வந்தால் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். பிறகு எடுப்பாள். பதினாறு புட்டி போட்டாள்.

"அக்கா, நான் போனா இது தனத்துக்கு. வாரம் ஒண்ணு. மத்த நாள் உங்க கொழம்பு, கொஞ்சம் கொஞ்சம். இது தீரும்போது கொழந்த பழகிடும்" என்றாள்.

"போடி பைத்தியமே. நீ எங்கயும் போவமாட்ட" என்று அதட்டினேன். அன்றைக்கு அவள் கையைப் பிடித்து, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மாசி நடுவில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பத்தாம் நாள் உடம்பாக வந்தாள். குழந்தையை அதற்கு முன்பே அடுத்த தெரு தெய்வநாயகம் வீட்டில் விட்டிருந்தோம். அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்றே அங்கே சொல்லி வைத்திருந்தார்கள்.

எடுத்துக்கொண்டு போனதும் நான் வீட்டைக் கழுவினேன். சாவு விழுந்த வீட்டில் ஆக்கி வைத்தது எதையும் வைத்துக்கொள்வதில்லை. பானையில் இருந்த சோற்றைக் கொட்டினேன். குடத்துத் தண்ணீரைக் கவிழ்த்தேன். பிறகு புட்டிகள் அடுக்கியிருந்த அலமாரியைத் திறந்தேன். அதுவும் இந்த வீட்டில் ஆக்கியதுதானே என்று தோன்றியது. ஒவ்வொரு மூடியும் இறுக்கமாகப் பிடித்திருந்தது. ரப்பரை இழுத்தால்தான் திறந்தது. பதினாறையும் வாழைப் பாத்தியில் கொட்டி, சாம்பல் போட்டுத் தேய்த்து, கொல்லைச் சுவர்மேல் கவிழ்த்து வைத்தேன்.

சுடுகாட்டிலிருந்து வந்த கன்னியப்பன் கொல்லையிலேயே நின்றுவிட்டான்.

"இன்னாக்கா பண்ணிட்ட? அது அவ புள்ளைக்கு வச்சது."

"தீட்டுடா. தீட்டுச் சோத்தயா கொழந்தைக்குக் குடுப்பாங்க?"

அவன் தலையில் ஊற்றிக்கொண்ட ஈரத்தோடு வாழைப் பாத்தி ஓரம் உட்கார்ந்துவிட்டான். நான் கோபமாக உள்ளே போனேன். அலமாரியில் என் நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடி அப்படியே இருந்தது. அதற்குத் தீட்டில்லை என்று நானே முடிவு செய்து, கொட்டும்போது ஓரமாக நகர்த்தி வைத்திருந்தேன். ஊறுகாய்க்கு இல்லாத தீட்டு, காற்றுப் புகாத புட்டிக்கு எப்படி வந்தது? முறைக்குத்தான் கொட்டினேனா, அந்த வாடைக்காகக் கொட்டினேனா? இன்றுவரை எனக்கே தெரியவில்லை. அவள் உயிரைப் பிடித்துக்கொண்டு ஆக்கியதை ஒரு நாழிகையில் மண்ணில் ஊற்றிவிட்டேன்.

நான்காம் நாள் குழந்தையைக் கூட்டிவரச் சொன்னான் தம்பி. அதற்கு முன் மார்க்கெட்டுக்கு ஓடினேன். நாலு கடை அலைந்து ஒரு வாடின கோசு கிடைத்தது. அவள் செய்ததை இரண்டு வருஷம் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தவள்தானே நான். எது முதலில், எது பிறகு என்றே நினைவில்லை. ஏதோ ஒன்றை வேகவைத்து இறக்கினேன்.

தனம் வந்தாள். சூப்பு இருந்த கிண்ணத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டுக் கொல்லைக்கு ஓடினாள். நான் பதறிப்போய்ப் பின்னால் போனேன். அழுவாள், அடிப்பாள், எதுவானாலும் வாங்கிக்கொள்வது என்றிருந்தேன்.

சுவரில் இருந்த புட்டிகளை விரல் நீட்டி எண்ணிக்கொண்டிருந்தாள். பதினாறு வரை அம்மா கற்றுக்கொடுத்திருந்தாள் போலிருக்கிறது. எண்ணி முடித்ததும் கைதட்டிக் குதித்தாள்.

"அத்தை! எல்லாம் காலி! எல்லாப் புட்டியும் காலி!"

"ஆமாண்டி கண்ணு. அத்தைதான்..."

"புட்டி எல்லாம் காலியானா வந்துடுவேன்னு அம்மா சொன்னாங்க. இன்னிக்கு அம்மா வரும்!"

வாழைப் பாத்தி பக்கம் பார்த்தபடி நின்றேன். அவள் உள்ளே ஓடிப்போய், அம்மா தைத்த பூப்போட்ட கவுனைப் போட்டுக்கொண்டு, சீப்போடு வந்து என் முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"சீக்கிரம் வாரு அத்தை. அம்மா வந்துடும்."

"ரெட்டச் சடை போடட்டுமா?" என்று கேட்டேன். ஒற்றைச் சடையென்றால் சீக்கிரம் முடிந்துவிடும்.