பேர் எழுதாத பிராது

கொளஞ்சிக்கு இருந்தது இரண்டே கால்கள். அவற்றைப் பங்கு போட்டுக்கொள்ளவும் இரண்டு பேர் இருந்தார்கள். விடிகாலையில் மணிமுத்தாற்று மணலில் சிலம்பமும் குத்துவரிசையும் சொல்லிக்கொடுத்த சுப்புராயன், "காலு தரையை வுட்டு எழும்பக் கூடாது, ஒரசிக்கிட்டே போவணும்" என்பார். சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் கபடி பழக்கிய டிரில் மாஸ்டரோ, "கால் தரையில நின்னா மாட்டிக்குவ, குதிச்சிக்கிட்டே இரு" என்பார். சடுகுடு ஆடினால் காலடி கெட்டுப்போகும் என்று அவர், கம்பு சுற்றினால் தோள் இறுகிப்போகும் என்று இவர். பதினாறு வயசுப் பையன் இரண்டு பேருக்கும் பலமாகத் தலையாட்டிவிட்டு இரண்டையும் செய்துகொண்டிருந்தான். வேண்டாம் என்று ஒன்றை விட அவனுக்கு மனசு வரவில்லை.

சுப்புராயன் ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருந்தார். குத்துவரிசையில் பூட்டு என்று ஒன்று உண்டு. நம்மைக் கட்டிப் பிடித்தவனுடைய காலை நம் இரண்டு காலுக்கும் நடுவே சிக்கவைத்து இடுப்பைத் திருப்பினால் அவன் முழங்கால் போய்விடும். "உசுருக்கு ஆபத்துன்னா போடு. வெளையாட்டுல போட்டா நீ ஆம்பள இல்ல" என்று சொல்லி, கம்பைத் தொட்டுச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் அதைச் சொல்லிக்கொடுத்தார்.

அந்தச் சத்தியத்தின் ஆயுசு நாலு மாசம்.

எழுபத்து நாலாம் வருஷம், பொங்கல் கழிந்த மறுவாரம். ஜில்லா போட்டிக்குப் பள்ளிக்கூட டீமில் ஆறு பேரை எடுத்தாகிவிட்டது. ஏழாவது இடம் கொளஞ்சிக்கா, சாமிதுரைக்கா என்று பார்க்க ஒரு ஆட்டம் வைத்தார் டிரில் மாஸ்டர். சாமிதுரையும் கொளஞ்சியும் ஒரே தெரு. இரண்டு பேருடைய அம்மாக்களும் ஒரே பீங்கான் கம்பெனியில், அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் பிசிறைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சீவுகிறவர்கள். சாமிதுரைக்கு அப்பா இல்லை. விளையாட்டில் ஒரு சர்டிபிகேட்டு வாங்கிவிட்டால் போலீஸில் எடுத்துக்கொள்வார்கள் என்று யாரோ சொன்னதை அவன் அம்மா வீரம்மாள் முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள்.

கடைசி ரெய்டு. கொளஞ்சி பாடிக்கொண்டே உள்ளே போனான். சாமிதுரை பக்கவாட்டில் வந்து இடுப்பைக் கட்டிப் பிடித்தான். நல்ல பிடி. அப்படி ஒரு பிடியை அந்தப் பள்ளிக்கூடத்தில் வேறு யாரும் போட முடியாது. கொளஞ்சிக்கு மூச்சு தீர்ந்துகொண்டிருந்தது, கோடு ஒரு முழத்தில் இருந்தது. ஏழாவது இடம் போச்சு என்று நினைத்தான். நினைத்த அதே நொடியில் அவன் வலது கால் சாமிதுரையின் காலைப் பின்னிக்கொண்டது. இடுப்பைத் திருப்பினான். காய்ந்த முருங்கைக் கிளை ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அதற்குள் மற்றவர்கள் நாலு பேரும் மேலே வந்து விழுந்தார்கள். புழுதி அடங்கியபோது கொளஞ்சியின் கை கோட்டைத் தொட்டிருந்தது. சாமிதுரை எழுந்திருக்கவில்லை.

நாலு பேர் பாரம் விழுந்து கால் போயிற்று என்றார்கள். ஏழாவது இடம் கொளஞ்சிக்கு வந்தது.

வேப்பூர்ப் பக்கம் எலும்பு கட்டுகிறவரிடம் சாமிதுரையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். மூணு மாசம் அசைக்கக் கூடாது, அதற்கப்புறம் நேராக நடப்பானா என்பதை அப்போதுதான் சொல்ல முடியும் என்றார். வீரம்மாள் மகன் முகத்தைப் பிடித்துக்கொண்டு, "யாருடா பண்ணான்? பேரைச் சொல்லு. கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது கட்டாம வுட மாட்டேன்" என்று கத்தினாள். "தெரியலம்மா. அத்தினி பேரு மேல வுழுந்தாங்க" என்றான் சாமிதுரை. பக்கத்தில் நின்ற கொளஞ்சி வலது காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

விருத்தாசலத்துக்காரர்களுக்குப் பிராதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். போலீசுக்கும் கோர்ட்டுக்கும் போக முடியாதவர்கள் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போவார்கள். நடந்த அநியாயத்தை ஒரு தாளில் எழுதிச் சாமி காலடியில் வைத்து, பிறகு வேலில் கட்டிவிட்டு வருவார்கள். தொண்ணூறு நாளைக்குள் சாமி விசாரித்துத் தீர்ப்பு சொல்லிவிடும். சமாதானமாகிவிட்டால் கட்டியவர்களே போய் ராஜினாமா எழுதிக் கொடுத்துத் திரும்பப் பெற வேண்டும். வேறு யார் போனாலும் செல்லாது.

மகனை விட்டு வர முடியாமல் வீரம்மாள் வேப்பூரிலேயே இருந்தாள். அவளுக்காகக் கோயிலுக்குப் போனது யார் தெரியுமா? கொளஞ்சியைப் பெற்ற பெரியம்மாள்தான். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போய்த் தன் பேரிலேயே பிராது கட்டிவிட்டு வந்தாள். வந்ததும் வராததுமாக மடியிலிருந்து விபூதிப் பொட்டலத்தைப் பிரித்தாள்.

"நம்ம சாமிதுரை காலை ஒடச்சவன் எவனா இருந்தாலும் தொண்ணூறு நாளுக்குள்ள அவங் காலு வெளங்காமப் போவணும்னு எழுதிக் குடுத்துட்டேன்டா. நீ கிட்ட வா" என்று சொல்லிக் கொளஞ்சியின் நெற்றியில் அந்த விபூதியைப் பட்டையாகப் பூசிவிட்டாள். அது அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தது போல் கனத்தது. அந்தச் சாமியிடம் வேண்டிப் பெற்று, அந்தச் சாமி பேரையே வைத்த பிள்ளை அவன்.

அன்றிலிருந்து அவன் பயப்படாத நாழிகை இல்லை. கட்டில் காலில் விரல் இடித்தால் இதுதானா என்று உடம்பு வேர்த்தது. மண் ஏற்றிய வண்டி தெருவில் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டான். ஆற்று மணலில் வலது காலை முன்னால் வைக்காமல் பின்னாலேயே வைத்திருந்தான். "காலைக் கடன் வாங்கிட்டு வந்தியாடா?" என்று சுப்புராயன் கேட்டார். கபடியிலோ ரெய்டு போகச் சொன்னால் கோட்டைத் தாண்டினதும் திரும்பி ஓடி வந்தான். இரண்டு வித்தையும் கற்றவன் இரண்டிலும் நொண்டியானான். யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. சொன்னால் ஊர் காறித் துப்பும், சொல்லாவிட்டால் சாமி காலை எடுக்கும்.

இதைவிடப் பெரிய பயம் ஒன்று அவனுக்கு உள்ளே இருந்தது. தெரியாமல் செய்திருந்தால் சாமி மன்னித்துவிடும் என்று சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கிறான். கால் தானாகச் செய்ததா, நான் செய்தேனா என்று யோசித்துப் பார்ப்பான். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான் வந்தது. உடனே வேறு எதையாவது நினைத்துக்கொள்வான்.

ஜில்லா போட்டிக்கு இன்னும் நாலு நாள் இருக்கும்போது, விடிகிற நேரத்தில் கண் விழித்தவனுக்கு வலது கால் இல்லை. இருந்தது, ஆனால் தொட்டால் தெரியவில்லை. கிள்ளினான், தெரியவில்லை. அவன் போட்ட அலறலில் பெரியம்மாள் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

"காலு போச்சும்மா! சாமி எடுத்துக்கிச்சு! நாந்தாம்மா பண்ணேன், சாமிதுரைய நாந்தான் பண்ணேன்!"

பெரியம்மாள் ஒன்றும் புரியாமல் காலைத் தேய்த்தாள். கொஞ்ச நேரத்தில் ஊசி குத்துவது போல் உணர்வு வந்தது. மடக்கிப் படுத்ததில் மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். கால் திரும்பிவிட்டது. வாயிலிருந்து போன வார்த்தைதான் திரும்பவில்லை. தேய்த்துக்கொண்டிருந்த அவள் கை அப்படியே நின்றது.

"என்ன சொன்ன?"

அவன் எல்லாவற்றையும் சொன்னான். பெரியம்மாள் அடிக்கவில்லை, திட்டவில்லை. அந்தக் காலை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். "அடப் பாவி. எங் கையாலயே கட்டிட்டு வந்தனேடா" என்று சொல்லும்போது அவள் பல் கிட்டித்தது. பிறகு சட்டென்று எழுந்து முகத்தைக் கழுவினாள்.

"கெளம்பு. பிராது எம் பேருலதான் இருக்குது. இப்பவே போயி ராஜினாமா எழுதிட்டு வந்துடலாம். வீரம்மாளுக்குத் தெரிய வேணாம்."

கிளம்பினார்கள். வீரம்மாள் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். சாமிதுரையை வேப்பூரிலிருந்து கொண்டுவந்து பத்து நாளாகியிருந்தது. அந்த வாசலுக்கு நேராக வந்ததும் கொளஞ்சி நின்றுவிட்டான். ரொம்ப நல்லவன் என்று நினைத்துவிட வேண்டாம். சாமியிடம் போய்ச் சமாதானமாகிவிட்டது என்று பொய் எழுதிக் கொடுத்தால் சாமி இன்னொரு காலையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும் என்ற பயம்தான் அவனை நிறுத்தியது.

"அத்தைகிட்ட சொல்லிட்டுப் போவலாம்மா" என்றான். பெரியம்மாள் கையைப் பிடித்து இழுப்பதற்குள் உள்ளே நுழைந்துவிட்டான்.

வீரம்மாள் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். கயிற்றுக் கட்டிலில் பத்தை கட்டிய காலோடு சாமிதுரை படுத்திருந்தான். கொளஞ்சி அவனைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். சொல்லி முடித்ததும் சாமிதுரை சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வீரம்மாள் ஆற்றிக்கொண்டிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "தெரிஞ்சு செஞ்சியா, தெரியாம செஞ்சியா?"

தெரியாமல் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. பின்னால் நின்ற பெரியம்மாள், "தெரியாமத்தான் வீரம்மா, சின்னப் புள்ள..." என்று ஆரம்பித்தாள்.

"நீங்க பேசாதீங்க அண்ணி. அவன் சொல்லட்டும்."

கொளஞ்சி நிமிர்ந்து வீரம்மாளைப் பார்த்தான். "தெரிஞ்சுதான் அத்தை. போடக் கூடாதுன்னு தெரியும். போட்டா முட்டி போயிடும்னும் தெரியும்."

வீரம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெரியம்மாளைப் பார்த்தாள். "நான் என்னன்னு எழுதச் சொன்னேன் அண்ணி?"

பெரியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். "செஞ்சவன் அவனா வந்து சொல்லணும்னு."

"நீங்க என்னன்னு எழுதுனீங்க?"

பெரியம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். ஆத்திரத்தில் ஒரு வரி அதிகமாகப் போட்டுவிட்டாள், பாவம். அடுத்தவன் பிள்ளை என்றால் சாபம் எவ்வளவு சுலபமாக வருகிறது!

"நான் கேட்டதைச் சாமி குடுத்துடுச்சு" என்றாள் வீரம்மாள். "உங்களுதைப் போயி வாங்கிட்டு வருவோம், நடங்க. ஒரு தெருவுக்கு ஒரு மொடம் போதும்." கொளஞ்சியின் பக்கம் திரும்பினாள். "மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காத. எம் புள்ள எழுந்து நடக்கட்டும், அப்ப பாப்பம். நாங்க வர வரைக்கும் அவன்கிட்ட குந்தியிரு. கஞ்சியக் குடு."

இரண்டு பெண்களும் போய்விட்டார்கள். கொளஞ்சி கஞ்சிக் கிண்ணத்தோடு கட்டிலருகே உட்கார்ந்தான். சாமி பயம் போய் அந்த இடத்தில் திரும்பிக்கொண்ட இந்த முகத்தின் பயம் வந்து உட்கார்ந்தது. திரும்பி என்ன சொல்வான்? துப்புவானா? துப்பினாலும் சரி என்று இருந்தது.

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றான் சாமிதுரை, சுவரைப் பார்த்தபடியே. "புடிச்சிருந்தது நானு. எவங் காலு பின்னுச்சுன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்பறம் ஏன்டா சொல்லல?"

சாமிதுரை திரும்பினான். முகமெல்லாம் நனைந்திருந்தது. "அம்மா பிராது கட்டுவேன்னுச்சு. பேரு எழுதலன்னா சாமிக்கு நீதான்னு தெரியாதுன்னு நெனச்சேன்டா."

கொளஞ்சி கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு, பத்தை கட்டிய அந்தக் காலின் பக்கத்தில் தலையைச் சாய்த்து வாய்விட்டு அழுதான்.