துருப்பு மேசையில் நிற்கட்டும்

குடியிருப்பின் பொது அறையில் சீட்டுக் கட்டைப் பிரித்ததும், வயர்மேனின் மனைவி அவருக்குப் பின்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வேடிக்கை பார்க்கத்தான் வந்ததாகச் சொன்னாள்.

மூளையில் ரத்தம் கட்டிப் பிழைத்ததிலிருந்து வயர்மேனுக்குச் சற்றுமுன் நடந்ததும் நழுவிவிடும். சீட்டாடத் தெரியும், மற்ற எதையும் வெட்டும் துருப்பு எது என்பதுதான் மனதில் நிற்காது. அவருடைய பழைய ஜோடியான தையற்காரர் ஒரு வழி சொன்னார். துருப்புச் சீட்டை மேசை நடுவில் எல்லோருக்கும் தெரிய நிறுத்தி வைப்பது. இறங்கிய சீட்டுகளைக் கவிழ்க்காமல் பரப்புவது. யாரையும் அவசரப்படுத்தாமல் இருப்பது.

போஸ்ட்மாஸ்டருக்கு அது வேப்பங்காயாகக் கசந்தது. "ஞாபகம்தானய்யா ஆட்டமே. அதையும் மேசைமேல பரப்பிட்டா மண்டை எதுக்கு?"

நெடுநேர இழுபறிக்குப் பிறகு, இன்று ஒருநாள் ஆடிப் பார்க்கச் சம்மதித்தார். ஆட்டம் கெட்டால் வயர்மேனுக்கு இனி இந்த மேசையில் இடமில்லை. பகல் முழுக்க ஜன்னலையே வெறித்துக்கொண்டிருக்கும் மனிதருக்கு வேறு போக்கிடமும் இல்லை. அது அவர் மனைவிக்குத்தான் தெரியும்.

வயர்மேனின் விரல் ஒரு சீட்டைத் தொட்டது. அவள் லேசாகச் செருமினாள். விரல் அடுத்த சீட்டுக்கு நகர்ந்தது. அடுத்த முறையும் அப்படியே.

போஸ்ட்மாஸ்டர் தன் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தார்.

"தொண்டையில என்ன தங்கச்சி?"

"தூசிண்ணே."

"அவர் கை வைக்கும்போது மட்டும் பறக்குற தூசியா?"

போஸ்ட்மாஸ்டரின் ஜோடியான பல் டாக்டரம்மா கூரையைப் பார்த்தாள். வயர்மேன் மனைவியின் முகம் சுண்டியது. வீட்டில் மாத்திரையை மறந்தால் ஒரு செருமல், சட்டைப் பொத்தான் மாறினால் ஒரு செருமல். வாய்விட்டுச் சொன்னால் அவருக்குச் சுருக்கென்று கோபம் வரும். அந்தப் பழக்கம் இங்கே கள்ள ஆட்டமாகும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

"நீ வெளிய இரு," என்றார் வயர்மேன், திரும்பாமல்.

வராந்தாவில் நின்றாள். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே பேச்சில்லை. அவர் முறைதான். இவ்வளவு நேரமா? தொண்டைவரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். ஒருவழியாகச் சீட்டு விழுந்தது.

"போச்சு போங்க," தையற்காரரின் குரல். "நம்ம ராஜாவையே வெட்டிட்டீங்களே! புத்தி எங்க போச்சு உங்களுக்கு?"

சொன்ன பிறகே அவருக்கு உறைத்திருக்க வேண்டும். அவள் கதவுப்பிடியைப் பற்றினாள்.

"பாதிதான் போச்சு," என்றார் வயர்மேன். "மீதி இருந்தும் உன்கூட ஜோடி சேர்ந்தேன் பாரு, அதைச் சொல்லு."

பல் டாக்டரம்மா களுக்கென்று சிரித்தாள். போஸ்ட்மாஸ்டர் சிரிக்கவில்லை. "வாய்க்குக் குறைச்சல் இல்ல. போடுங்க."

அந்த ஆட்டம் போஸ்ட்மாஸ்டர் பக்கம் போனது. அவர் எழுந்து கதவருகே வந்தார்.

"துருப்பை நிறுத்துறது எனக்கு இன்னும் பிடிக்கல. ஆனா தப்பாப் போட்டாரு, திட்டு வாங்கினாரு, தோத்தாரு. அது ஆட்டம்தான். நாளைக்கும் வரட்டும். நீ வராத."

"படியேறி இறங்கணுமேண்ணே, தனியா..."

"தையற்காரர் கூட வருவாரு."

உள்ளே சீட்டு கலைத்துக்கொண்டிருந்தார்கள். வயர்மேன் எதற்கோ தையற்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார். வாசல் பக்கம் அவர் பார்வை வரவேயில்லை. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, ஓசைப்படாமல் படியிறங்கினாள்.